சிவப்பா, நீலமா, பச்சையா

4 நவம்பர் 1995, சனி

மூன்றாம் நாளாக மழை. விறகுக்கடையில் கொடுத்ததில் பாதி ஈரம். ஊதி ஊதி அடுப்பு பற்றுவதற்குள் கண்ணில் இருந்த தண்ணீரெல்லாம் வடிந்தாயிற்று. சாம்பாரில் புகை வாசம். கவிதா டிபன் பாக்ஸை முகர்ந்து பார்த்துவிட்டு மூடினாள். இரண்டாம் வகுப்பு படிக்கிறது, அதற்கு இருக்கிற மூக்கைப் பார்!

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் முதலாளி சார் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். மூன்றாம் நம்பர் மிஷினில் ரிப்பன் மாற்றவில்லை.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு கிளை போடுதோம்மா. எட்டு மிஷின். நீங்கதான் பொறுப்பு எடுத்துக்கிடணும்."

அசடு மாதிரி திரும்பிப் பார்த்தேன், எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று. டிசம்பர் முதல் தேதி தொடக்கம். முதல் பேட்ச் காலை ஆறு மணிக்கு. இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பத்து வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்கு டைப் அடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். பொறுப்பு என்ற வார்த்தையை இன்றுதான் ஒருவர் என்னிடம் சொல்கிறார். சந்தோஷம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

வாங்க வேண்டியது: தீப்பெட்டி, துவரம்பருப்பு, கவிதாவுக்கு ரப்பர்.

5 நவம்பர், ஞாயிறு

மழை இல்லை. கரண்டும் இல்லை.

காலையில் கிளம்புவதற்கு முன் ஆக வேண்டியவை: காப்பி. அத்தைக்கு வெந்நீர். இட்லி. சோறு, ஒரு குழம்பு, ஒரு காய். இவர் மில்லுக்குக் கொண்டுபோகும் கேரியர். கவிதாவின் டிபன். எல்லாம் ஒற்றை விறகடுப்பில். மண்ணெண்ணெய் ஸ்டவ் அவசரத்துக்கு மட்டும், ரேஷனில் கிடைப்பது மாதம் பாதிக்குக் காணாது. முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால் முந்தின நாளே எழுந்திருக்க வேண்டும் போல.

கேஸ் இருந்தால் முடியும். கேஸ் இல்லாவிட்டால் இந்த வேலை இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

அரசாங்கக் கம்பெனியின் சிவப்பு சிலிண்டருக்குக் கவிதா வயிற்றில் இருக்கும்போது இவர் பதிந்து வைத்தார். அவள் இப்போது வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள். நம்பர் வரவில்லை. இப்போது தனியாரும் கேஸ் விற்கலாம் என்று சர்க்காரே விட்டுவிட்டது. விலை கூட, ஆனால் காத்திருக்க வேண்டாம். இங்கே ராஜபாளையத்தில் ஒரு நீலக் கம்பெனி வந்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பச்சை.

சாப்பிடும்போது இவரிடம் இரண்டையும் சொன்னேன், வேலையையும் கேஸையும். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேஸுக்கு மட்டும் பதில்.

"தனியார்க்காரன் இன்னைக்குப் பந்தல் போடுவான், நாளைக்குப் பிரிச்சுக்கிட்டுப் போயிருவான். நம்ம நம்பர் வரும். பொறு."

"ஏழெட்டு வருசமா வந்துக்கிட்டேதான் இருக்கு. நடந்தா வருது?"

சிரிப்பை அடக்கினார். சிரிப்பை அடக்கினால் இவருக்குக் காது ஆடும். அதோடு சரி, கையைக் கழுவப் போய்விட்டார்.

8 நவம்பர், புதன்

பஸ் ஸ்டாண்ட் பக்கம் நீலக் கம்பெனி. கடை வாசலில் வாழைமரம், சீரியல் பல்பு. டை கட்டிய பையன். ஸ்டவ் இலவசம். இரண்டு பர்னர். பளபளவென்று, என் முகம் தெரிந்தது அதில். மனசு அங்கேயே ஒட்டிக்கொண்டது. ஒத்துக்கொள்கிறேன்.

"தீந்துபோனா எப்ப அடுத்தது வரும்?"

"போன் பண்ணுனா போதும் மேடம். அன்னைக்கே."

"மழை பெஞ்சு ரோடு அடைச்சுக்கிட்டா?"

"மழையே பெய்யாது மேடம்" என்று சிரித்தான். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். இவர்கள் ரெகுலேட்டர் இவர்கள் சிலிண்டரில் மட்டும்தான் மாட்டும். பச்சையிலும் சேராது, சிவப்பிலும் சேராது. ஒருவனிடம் வாங்கினால் அவனோடு குடித்தனம்தான்.

9 நவம்பர், வியாழன்

அடுத்த வீட்டு வெங்கடம்மா அக்கா புரட்டாசியிலேயே நீலம் வாங்கியாயிற்று. தெருவிலேயே முதல் கேஸ். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களுக்குள் தெலுங்கு, சுவருக்கு இந்தப் பக்கம் எங்களோடு தமிழ். எந்தப் பக்கமானாலும் இப்போது கேஸ் பேச்சு மட்டும்தான்.

"எப்படி இருக்குக்கா நீலம்?" என்று கேட்டேன்.

"அத ஏன் கேக்க? குச்சியக் கிழிச்சா தீ. திரும்பிப் பாத்தா காப்பி."

காப்பி குடித்துவிட்டுப் போ என்று மட்டும் சொல்லவில்லை. அக்கா அப்படிப்பட்டவள் இல்லையே.

11 நவம்பர், சனி

சாரோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க் கிளை வரப்போகும் இடத்தைப் பார்த்தேன். மாடி. இரண்டு ஜன்னல். கீழே பால்கோவா கிண்டுகிற வாசம் படியேறி வருகிறது. பிள்ளைகள் எப்படி டைப் அடிக்கும், நாக்கில் எச்சில் ஊறாமல்? மேஜை எங்கே போடலாம் என்று சார் என்னைக் கேட்டார். ஜன்னல் ஓரம் என்றேன். உடனே சாக்பீஸால் தரையில் கோடு போட்டார்கள். என் மேஜைக்கு!

திரும்பும்போது பச்சைக் கடைக்குப் போனேன். வாழைமரம் இல்லை, டை இல்லை. ஞானம் என்று ஓர் அம்மா. சுவரில் இயேசு படம், அதன்கீழ் போன். வீட்டுக்காரர் சிலிண்டர் போடப் போயிருக்கிறாராம். நீலத்திடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன்.

"ரெண்டு நாள் ஆகும்மா. மழைன்னா மூணு நாள். அதுக்குத்தான் ரெண்டு சிலிண்டரா வாங்கிக்கிடுங்கன்னு எல்லார்ட்டயும் சொல்லுதது. ஒண்ணு முடிஞ்சதும் சொல்லிட்டியன்னா, அடுத்தது முடியறதுக்குள்ள கொண்டாந்துருவோம்."

"ஸ்டவ் இலவசமா?"

"இல்லம்மா. ஸ்டவ்வ சும்மா குடுத்துட்டு பொறவு கேஸ் வெலைல யாரு தலையிலயாவது கட்டணும்ல்லா?"

ராஜபாளையத்தில் யார் யார் வீட்டுக்குப் போடுகிறார்கள் என்று கேட்டேன். தெருவும் பெயரும் சொல்லி, "போயி விசாரிங்க. நான் சொன்னா நல்லாத்தான் சொல்லுவேன்" என்றார். போகிறேன்.

12 நவம்பர், ஞாயிறு

இரண்டு வீட்டில் விசாரித்தேன். ஒரு வீட்டில், மழையில் நனைந்துகொண்டே மனிதர் கொண்டுவந்தார், துவட்டத் துண்டு கொடுத்தோம் என்றார்கள். இன்னொரு வீட்டில், மூன்று நாள் என்றால் மூன்று நாள் ஆகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். அது எனக்குக் குறையாகவே படவில்லை.

ஆனாலும் அந்த நீல ஸ்டவ்வின் பளபளப்பு.

13 நவம்பர், திங்கள்

காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மண்ணெண்ணெய் வாசம். கூடவே ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கும் கிச் கிச் சத்தம். கேஸ் வீட்டில் எதற்கு?

கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் பின்வாசல் வழியாகப் போனேன். வெங்கடம்மா அக்கா பதறி எழுந்து முந்தானையை விரித்து ஸ்டவ்வை மறைத்தாள். எரிகிற ஸ்டவ்வை! நான் போட்ட சத்தத்தில்தான் விலகினாள். அப்புறம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தீபாவளி பலகாரத்தோடு சிலிண்டர் தீர்ந்துவிட்டது. போன் போட்டால் எடுக்கிறான், நாளைக்கு என்கிறான். அந்த நாளை இன்னும் வரவில்லை.

"தெரு பூரா பெருமை பேசிட்டேன் கோமதி. இப்ப எந்த மொகத்த வச்சுக்கிட்டுச் சொல்ல? யார்ட்டயும் மூச்சு விட்டுறாத."

சத்தியம் பண்ணினேன். இங்கே எழுதுவது சொன்னதாகாது.

ஆக நீலம் இல்லை. பச்சை. முடிவு.

இவரிடம் அக்கா கதையைச் சொல்லவில்லை. சத்தியம் மட்டும் காரணம் இல்லை. சொன்னால் "பாத்தியா?" என்பார்.

14 நவம்பர், செவ்வாய்

சண்டை.

பச்சை வாங்கலாம் என்று ஆரம்பித்தேன், விசாரித்ததையெல்லாம் சொன்னேன். "நம்பர் வரும், பொறு" என்றார். பழைய கிராமபோன் தட்டு.

"ஒங்க மொதலாளி கயத்தாறு பக்கம் காத்தாடி வச்சு மில்லுக்குச் சொந்தமா கரண்டு எடுக்கப் போறாருன்னு நீங்கதானே சொன்னிய? அவரு பொறுத்துக்கிட்டா இருக்காரு? மில்லுக்கு ஒரு நியாயம், என் அடுப்புக்கு ஒரு நியாயமா?"

"நான் பொறுன்னு சொல்லுதேன்லா!" தெருவுக்கே கேட்டிருக்கும். எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

அத்தை நடுவில் புகுந்து, "வீட்டுக்குள்ள வெடிகுண்ட வச்சுக்கிட்டு எவ தூங்குவா?" என்றார். அவருடைய பயம் அது. அதையாவது பயம் என்று சொல்கிறார்.

15 நவம்பர், புதன்

மழை. தலைவலி.

இவருக்கு வேண்டாதது கேஸா, நான் வேலைக்குப் போவதா? இதுதான் ராத்திரி பகலாகக் குடைகிறது. வேண்டாம் என்று நேராகச் சொன்னால்கூட வாதாடலாம். ஒரு வார்த்தை சொல்லவில்லையே. பெண்டாட்டி விடிவதற்கு முன் வெளியூர் பஸ் ஏறுவது பிடிக்காமல், அதை மறைக்க சிவப்பு சிலிண்டரைத் தூக்கிப் பிடிக்கிறார் என்று தோன்றுகிறது. தோன்றத் தோன்ற ஆத்திரம் வருகிறது. இவரைப் போய் நல்ல மனிதர் என்று பன்னிரண்டு வருஷம் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கேரியரில் இன்று ஊறுகாய் வைக்கவில்லை. வேண்டுமென்றே.

16 நவம்பர், வியாழன்

அத்தை ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். அம்மன் கோவிலில் பூக்கட்டிப் பார்ப்பது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. சன்னதியில் போட்டு, குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் வாங்கலாம், சிவப்பு வந்தால் கூடாது.

"எங்க கூமாப்பட்டில கெணறு தோண்டவும் பூக்கட்டித்தான் பாப்பாக. ஒனக்குப் பொண்ணு முடிச்சதும் அப்படித்தான்" என்று மகனிடம் சொன்னார். பொண்ணு என்றால் நான்தான். அப்போது எனக்கே தெரியாமல் நான் ஒரு வாழை இலைப் பொட்டலத்திலிருந்து வந்திருக்கிறேன்.

இவர் மறுப்பார் என்று பார்த்தேன். "சரி. அம்மன் சொல்லட்டும். பூ நான் வாங்கிக் கட்டிக் கொண்டாரேன்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருத் தெருவாக அலைந்து விசாரித்தது நான். என் மேஜைக்கு அங்கே தரையில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அது இருக்குமா இருக்காதா என்பதை நாளைக்கு ஒரு ஏழு வயசுக் கை சொல்லும். ஆனால் வேறு வழியும் இல்லை. இருபதாம் தேதி திங்கட்கிழமை.

17 நவம்பர், வெள்ளி. கார்த்திகை முதல் நாள்

கோவில். சாரல். இவர் வெள்ளைச் சட்டை, வேட்டி. கையில் இரண்டு பொட்டலம், ஒரே அளவு, வாழைநாரால் கட்டியது.

"சரியாக் கட்டிருக்கியாலே?" என்று அத்தை கேட்டார்.

"ம்."

பூசாரி சன்னதியில் உருட்டிப் போட்டார். கவிதா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். நானும் மூடிக்கொண்டேன். அம்மா தாயே, இந்த ஒரு தடவை.

வெள்ளை! நந்தியாவட்டை!

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் அங்கேயே கவிதாவைத் தூக்கிவிட்டேன், கோவில் என்றும் பார்க்காமல். இவர் குனிந்து மற்ற பொட்டலத்தைப் பொறுக்கினார். "இதக் கெணத்துல போட்டுருதேன்" என்று சட்டைப்பையில் வைத்தார். காது ஆடிய மாதிரி இருந்தது. தலை நனைந்திருந்தது, குளிராக இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "அம்மன் சொன்ன பொறவு நான் யாரு? வாங்கு."

அம்மன் சொன்னால் சரி. நான் சொன்னால் பொறு. இருக்கட்டும். ஜெயித்துவிட்டேன், அதை ஏன் நோண்டுவானேன்.

18 நவம்பர், சனி

சாரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். பச்சைக்குப் பதிந்தாயிற்று, இரண்டு சிலிண்டர். ஸ்டவ் தனியாக, பளபளப்பு கொஞ்சம் கம்மிதான். விலை கூடுதலாக இருந்தாலும் புதுச் சம்பளம் தாங்கும்.

21 நவம்பர், செவ்வாய்

மூன்று நாள் என்றார்கள். மழை. மூன்றாம் நாள் வந்துவிட்டது. ஞானம் அம்மாவின் வீட்டுக்காரரே வந்தார். ரெகுலேட்டரை மாட்டி, சோப்பு நுரையை ட்யூபில் தடவி, கேஸ் கசிந்து குமிழ் விடுகிறதா என்று காட்டினார். விடவில்லை.

பற்ற வைக்கும்போது அத்தை கவிதாவை இழுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போய் நின்றுகொண்டார். பால் பொங்கிய பிறகு எட்டிப் பார்த்தார்.

"இதென்னட்டி, சத்தமே இல்ல?" ஏமாற்றம்தான் அவருக்கு.

நீலத் தீ. சின்னதாக வை என்றால் சின்னதாக, பெரிதாக வை என்றால் பெரிதாக. என் பேச்சைக் கேட்கிற ஒரு பொருள் இந்த வீட்டுக்குள் வந்திருக்கிறது.

23 நவம்பர், வியாழன்

உப்புமா அடிப்பிடித்தது. புகை வந்து எச்சரிக்கும் என்று பழக்கம். இனி மூக்கை நம்பக் கூடாது, கண்ணை நம்ப வேண்டும்.

லைட்டரை அத்தை கைப்பற்றிவிட்டார். தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்.

வெங்கடம்மா அக்கா சுவரோரம் வந்து தணிந்த குரலில்: "அந்தப் பச்சைக்காரரு போன் நம்பர் இருக்காட்டி? எங்க தங்கச்சி கேட்டா." தங்கச்சி மைசூரில் இருக்கிறாள். கொடுத்தேன்.

26 நவம்பர், ஞாயிறு

வெயில். அப்பாடா. துணி மலை.

இவர் கோவிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை மழையால் இத்தனை நாள் துவைக்காமல் வைத்திருந்தேன். தண்ணீரில் போடுமுன் பையைத் துழாவினேன். பஸ் டிக்கெட், ஒரு நட்டு, வாடின வாழை இலை. அந்தப் பொட்டலம். கிணற்றில் போட மறந்துவிட்டார்.

சிவப்பாயிற்றே, இதைப் பார்த்தால் ஆகாதோ என்று கை தயங்கியது. அப்புறம் பிரித்தேன்.

நந்தியாவட்டை. பழுத்து, சுருங்கி. சிவப்புக்குக் கட்டுகிற அரளி என்றால் வாடினாலும் நிறம் போகாது. இதில் சிவப்பு ஒரு பொட்டுகூட இல்லை. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை. வாங்கியவர் இவர், கட்டியவர் இவர்.

துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அத்தை, "ஏட்டி, தண்ணி போவுது பாரு" என்று கத்தினார்.

வாயைத் திறந்து "போயிட்டு வா" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார். தெருவுக்கே கேட்கும்படி "பொறு" என்று கத்திய மனிதர் எப்படித் திருப்பிச் சொல்வார்? அதற்கு அம்மன் வேண்டியிருக்கிறது, பெற்ற மகளை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது, பூக்காரியிடம் போய் ஒரே நிறமாக வாங்க வேண்டியிருக்கிறது. இத்தனை வேலை பண்ணிய ஆளுக்கு நான் ஊறுகாய் வைக்கவில்லை.

என்மேல் இவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியாது. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அம்மனை ஏமாற்றியதற்குத் தேங்காய் உடைக்க வேண்டும். யார் பேரில் என்றுதான் புரியவில்லை.

கேட்கலாமா? கேட்டால் இல்லை என்று சாதிப்பார். பொட்டலத்தை அதே மாதிரி மடித்துப் பீரோவில் என் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

30 நவம்பர், வியாழன்

நாளைக்கு. சேலை எடுத்து வைத்தாயிற்று, பச்சை. கிளையின் பெயர்ப்பலகைக்குப் பூமாலை சார் பொறுப்பு. மாவு அரைத்தாயிற்று. குடை, பேனா, டஸ்டர், தலைவலி மாத்திரை.

பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விடுகிறேன் என்று இவராகவே சொன்னார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினேன். பொட்டலத்தைப் பையில் வைத்தேன், அது முன்பு இருந்த இடத்திலேயே.

1 டிசம்பர், வெள்ளி

ஸ்ரீவில்லிபுத்தூர், மாடி. நான் மட்டும். ஜன்னலோர மேஜை. பிள்ளைகள் வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.

எல்லாம் முடித்துவிட்டேன்! காப்பி, இட்லி, சோறு, பருப்பு, வெண்டைக்காய், கேரியர், டிபன். ஊறுகாய் இரண்டு கரண்டி. அத்தை லைட்டரோடு என் பின்னாலேயே நின்று, "வெரசாக் கெளம்பு, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றார். வெடிகுண்டைத் தனியாகப் பார்த்துக்கொள்வாராம்.

பஸ் ஸ்டாண்டில் குளிர். பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். இவர் கீழே நின்று டிக்கெட்டுக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அதைக் காதில் வாங்காமல் சட்டைப்பைக்குள் கை விட்டார்.

கை உள்ளேயே நின்றுவிட்டது.

என்னைப் பார்த்தார். நான் டிரைவர் சீட்டுக்கு மேலே ஒட்டியிருந்த சாமி படத்தைப் பார்த்தேன்.

"அம்மன் நல்ல அம்மன்" என்றேன்.

கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். வண்டி நகர்ந்தது. இவர் பையிலிருந்து கையை எடுக்கவில்லை. பஸ் திரும்பும்வரை எட்டிப் பார்த்தேன். இரண்டு காதும் ஆடிக்கொண்டிருந்தன.

படியில் செருப்புச் சத்தம். வருகிறார்கள்.